சமாந்தரத் துறையும் மெய்நிகர்ப் பொறியும்

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் புகையிரதப் பாதையில், மாத்தளை நகருக்குத் தெற்கே அணித்தாக அமைந்த ஊர் உக்குவளை. 1976 ஆம் ஆண்டில் அவ்வூரிலே நீர்மின் நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. அந்நிலையத்தின் பொறிகளைச் சுழற்றும் நீர் உக்குவளைக்கு இயல்பாக உரிய நீரன்று. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலி கங்கை மறிக்கப்பட்டு, அதன் நீரில் ஒரு பகுதி ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே மலையை ஊடுருவி உக்குவளைக்கு வருகின்றது. மின்பொறிகளைச் சுழற்றியபின் அது சுது கங்கையில் விழுந்து, பின்னர் அம்பன் கங்கையை அடைந்து, வறண்ட வலயத்து வயல்களுக்குப் பாய்கின்றது. இவ்வாறு ஓராற்றின் நீரை மற்றோராற்றின் பள்ளத்தாக்குத் துய்க்கின்றது. இடையே உள்ள வழி ஒன்றே. அவ்வழியைத் திறப்பதும் அடைப்பதும் பொல்கொல்லையின் பொறுப்பாகும்.

இதனையொத்த ஏற்பாடொன்று கணினி வரலாற்றிலும் உண்டு. ஒரு கணினியின் உள்ளே மென்பொருளால் வேறொரு கணினியைப் படைத்து இயக்குதல் இன்று எங்கும் வழங்கும் முறை. அவ்வாறு படைக்கப்பட்டதை மெய்நிகர்ப் பொறி என்பர். தாங்கி நிற்கும் கணினியை விருந்தோம்பி என்றும், உள்ளே இயங்குவதை விருந்தினன் என்றும் அத்துறை வல்லார் வழங்குவர். செயலி, நினைவகம், வட்டு ஆகிய யாவற்றையும் விருந்தோம்பி தன் விருந்தினனுக்குப் போலியாகப் படைத்துக் கொடுத்தல் கூடும். ஆயின் மேசைமேலிருக்கும் மெய்யான அச்சுப்பொறியைப் போலியாகப் படைத்தல் இயலாது. அதனை அடைதற்கு விருந்தோம்பியின் துறை ஒன்றை விருந்தினன் பயன்படுத்தியே தீரவேண்டும். அத்துறைகளுள் அமைப்பால் மிக எளியதாகிய சமாந்தரத் துறையை எடுத்துக்கொண்டு, அது விருந்தினனுக்கு எவ்வாறு வழங்கப்பட்டு வந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது பொறியியலார்க்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணுதல் தவறு. கடந்த நூற்றாண்டின் இறுதி இருபது ஆண்டுகளில் நம்மவர் கணினியில் எழுதிய தமிழ் ஆவணங்கள் பலவும், ஆய்வுகூடங்களிலே பொருத்திய கருவிகள் பலவும் இத்துறையையே நம்பியிருந்தன. பழைய கணினி பழுதடைந்தபின் அவற்றை மீட்பதற்குள்ள வழிகளுள் மெய்நிகர்ப் பொறி முதன்மையானது. அவ்வழி எதுவரை செல்லும், எங்கே தடைப்படும் என்பதை இத்துறையின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

துறையின் தோற்றம்

துறை என்னும் சொல் தமிழில் நீரில் இறங்கும் இடத்தையும் கலம் அணையும் இடத்தையும் குறிக்கும். கணினிக்கும் புறவுலகுக்கும் இடையே தரவு ஏறி இறங்கும் இடத்தை அச்சொல்லாற் குறிப்பது பொருத்தமே. ஒரு கம்பியின் வழியே பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் துறை தொடர்துறை. எட்டுக் கம்பிகளின் வழியே எட்டுப் பிட்டுகளும் ஒருங்கே செல்லும் துறை சமாந்தரத் துறை. எண்மர் ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நடப்பதற்கும், அகன்ற வீதியில் தோளோடு தோள் சேர நடப்பதற்கும் உள்ள வேறுபாடே இவ்விரண்டுக்கும் உள்ளது.

இத்துறை 1970 ஆம் ஆண்டிலே பிறந்தது. வாங் ஆய்வுகூடங்கள் என்னும் அமெரிக்கக் கணக்கீட்டுப்பொறி நிறுவனத்தோடு தொடர்புடையதாய்த் தோன்றிய சென்ட்ரோனிக்ஸ் நிறுவனம், அவ்வாண்டில் 101 என எண்ணிட்ட புள்ளி அச்சுப்பொறியை வெளியிட்டது. அதனைக் கணினியோடு இணைப்பதற்கு 36 முனைகள் கொண்ட இணைப்பி தெரிந்தெடுக்கப்பட்டது. வாங் நிறுவனம் தன் பொறிகளுக்கென வாங்கி மிகுதியாக எஞ்சியிருந்த இணைப்பிகளே அத்தெரிவுக்குக் காரணமாயின என்பது குறிப்பிடத்தக்கது. எஞ்சிய பொருளைச் செலவழிக்க எண்ணிச் செய்த தெரிவு, பின்னர் உலகெங்கும் மாறா வழக்காயிற்று.

சென்ட்ரோனிக்ஸ் நிறுவனம் வகுத்த முறையின் சிறப்பு, அஃது இரு பொறிகளுக்கிடையே ஏற்படுத்திய உடன்பாட்டிலே உள்ளது. கணினி எட்டுக் கம்பிகளிலும் ஓரெழுத்துக்குரிய மின்னிலைகளை வைக்கும். பின்னர் எழுத்து ஆயத்தமாயுள்ளது என்பதை மற்றொரு கம்பியிலே குறுந்துடிப்பொன்றால் அறிவிக்கும். அச்சுப்பொறி அதனை ஏற்றவுடன், தான் வேலையில் இருப்பதை வேறொரு கம்பியால் உணர்த்தும். வேலை முடிந்ததும், பெற்றுக்கொண்டேன் எனத் துடிப்பொன்றை அனுப்பும். அதுவரை கணினி அடுத்த எழுத்தை அனுப்பாது காத்திருக்கும். விரைவாக இயங்கும் கணினியும் மெதுவாக இயங்கும் அச்சுப்பொறியும் இவ்வுடன்பாட்டினால் ஒன்றையொன்று வருத்தாமல் இணைந்து தொழிற்பட்டன. பிற்காலத்தில் மெய்நிகர்ப் பொறிக்கு இத்துறை பயன்பட்டமைக்கும் இவ்வுடன்பாடே அடிப்படை என்பது மேலே விளங்கும்.

1981 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாட் கணினியை வெளியிட்டபோது, கணினியின் பக்கத்தில் 36 முனைகளுக்குப் பதிலாக 25 முனைகளை அமைத்தது. அவற்றுள் 8 முனைகள் தரவுக்கும், 5 முனைகள் அச்சுப்பொறியின் நிலையைக் கணினி அறிவதற்கும், 4 முனைகள் கணினி ஆணையிடுவதற்கும் உரியன. எஞ்சிய 8 முனைகள் புவித்தொடுப்புக்கு உரியன. இம்மூவகைக் கம்பிகளும் கணினியின் உள்ளே மூன்று முகவரிகளில் அமைந்தன. பதினறும எண்முறையில் 378 என்பது தரவின் முகவரியாகப் பெரிதும் வழங்கிற்று. அடுத்த இரண்டு முகவரிகள் நிலைக்கும் ஆணைக்கும் உரியனவாயின. 378 என்ற முகவரியிலே ஓரெண்ணை எழுதியவுடன், அவ்வெண்ணின் எட்டுப் பிட்டுகளும் எட்டு முனைகளிலே ஏறத்தாழ 5 வோல்ற்று மின்னிலையாகவோ சுழியமாகவோ தோன்றும். எண்ணுக்கும் மின்னுக்கும் இடையே வேறு திரையொன்றும் இல்லை.

தொடக்கத்தில் இத்துறை வெளியே அனுப்புதற்கு மட்டும் வகுக்கப்பட்டது. உள்ளே பெற விரும்பியோர் நிலைக் கம்பிகளைக் கொண்டு நந்நான்கு பிட்டுகளாகப் பெற்றனர். 1987 இல் ஐ.பி.எம். வெளியிட்ட பி.எஸ். 2 வரிசைக் கணினிகள் தரவுக் கம்பிகளை இருவழியாக்கின. பின்னர்ப் பல நிறுவனங்கள் வகுத்த விரைவு முறைகளையும் பழைய முறையையும் ஒருங்கு சேர்த்து, 1994 இல் ஐ.இ.இ.இ. 1284 என்னும் நியமம் வெளியாயிற்று.

துறையின் பயன் விரிந்தமை

அச்சுப்பொறிக்கெனப் பிறந்த துறை வேறு பல தொழில்களையும் ஏற்றது. யாவர்க்கும் எளிதாய்க் கிட்டியமையும், தனியே மின்சுற்று அமைக்க வேண்டாமையும் அதற்குக் காரணங்கள். தரவு முனைகளிலே சிறு ஒளிவிளக்குகளைப் பொருத்தித் துவித எண்களை மாணவர்க்குக் காட்டுதல் எளிய செயலாயிற்று. ஆய்வுகூடங்களில் அளவைக் கருவிகளும், பட்டறைகளில் படிமுறை மோட்டர்களால் இயங்கும் கடைசற் பொறிகளும் இத்துறையோடு பிணைக்கப்பட்டன. விலையுயர்ந்த மென்பொருளைப் பிறர் படியெடுப்பதைத் தடுக்க விரும்பிய நிறுவனங்கள், இத்துறையிலே செருகும் சிறு பூட்டு ஒன்றையும் மென்பொருளோடு சேர்த்து விற்றன. அப்பூட்டு துறையில் இல்லாவிடின் மென்பொருள் இயங்க மறுக்கும்.

தமிழுக்கு இத்துறை ஆற்றிய பணியை இங்கே சிறப்பாகக் கூறல் வேண்டும். அக்காலத்து அச்சுப்பொறிகளின் நினைவகத்தில் உரோம எழுத்துக்கள் பதிந்திருந்தன, தமிழெழுத்து இருக்கவில்லை. ஆகவே தமிழை அச்சிட விரும்பியோர், எழுத்தைப் படமாகக் கருதிப் புள்ளிகளால் வரைந்து அனுப்பவேண்டியிருந்தது. எப்சன் நிறுவனம் 1980 இல் வெளியிட்ட எம்.எக்ஸ். 80 போன்ற அச்சுப்பொறிகள், படம் வரையும் வேளையில் ஒவ்வொரு பைற்றையும் எட்டுப் புள்ளிகள் கொண்ட நிலைக்குத்து நிரலாகக் கொண்டன. பிட்டு ஒன்றாயின் ஊசி தாளிற் படும், சுழியமாயின் படாது. எனவே தமிழெழுத்து ஒவ்வொன்றும் பல நிரல்களாகப் பகுக்கப்பட்டு, ஒரு நிரலுக்கு ஒரு பைற்றாக எட்டுக் கம்பிகளின் வழியே சென்று தாளில் உருப்பெற்றது. கனடாவிலே ஆக்கப்பட்ட ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மும்மொழிக்கும் உரியதாக ஆக்கப்பட்ட வதன்தருவ ஆகியவை தமிழ்க் கணினி வரலாற்றில் அக்காலத்துக்கு உரியன.

யுனிகோட்டு நியமத்தின் முதற் பதிப்பிலேயே, 1991 இல், தமிழ் இடம்பெற்றதாயினும், விண்டோசு முறைமையில் அது தக்கவாறு இயங்கத் தொடங்கியது 2000 ஆம் ஆண்டளவிலாகும். அதற்கு முன் ஒவ்வொரு மென்பொருளும் தனக்குரிய குறிமுறையிலே தமிழை எழுதிவைத்தது. அம்மென்பொருள் இயங்காதாயின், அது விட்டுச்சென்ற கோப்பு படிக்கவியலாத எண்களின் குவியலாகும். பழைய மென்பொருளை மீண்டும் இயக்குதற்குப் பழைய கணினி வேண்டும். அஃது இல்லாவிடத்து மெய்நிகர்ப் பொறி வேண்டும்.

மெய்நிகர்ப் பொறியின் தோற்றம்

மெய்நிகர்ப் பொறி என்னும் எண்ணம் சமாந்தரத் துறைக்கும் முந்தியது. மசசூசெற்சு மாநிலத்துக் கேம்பிரிட்சில் ஐ.பி.எம். நிறுவனம் நடத்திய விஞ்ஞான நிலையத்திலே, 1967 இல் சி.பி. 40 என்னும் முறைமை இயங்கிற்று. அதன் வழிவந்த வி.எம். 370 என்பது 1972 இல் வெளியிடப்பட்டது. கணினி மிகவும் அருமையாயிருந்த அக்காலத்தில், ஒரு பெருங்கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தவும், ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிக்கணினி உள்ளதாகக் கருதவும் அம்முறைமைகள் வழிசெய்தன.

புறக்கருவிகள் பற்றிய இடர்ப்பாடு அன்றே தோன்றிவிட்டது. அச்சுப்பொறி ஒன்று, அதனை நாடும் விருந்தினர் பலர். ஒவ்வொருவரும் ஒரே வேளையில் எழுதினால் ஒருவருடைய கணக்கும் மற்றொருவருடைய கடிதமும் ஒரே தாளிற் கலந்துவிடும். அதற்கு ஐ.பி.எம். அறிஞர் கண்ட தீர்வு இருவகைப்பட்டது. அச்சுப்பொறியைப் பொறுத்தமட்டில், ஒவ்வொரு விருந்தினனுக்கும் ஒரு போலி அச்சுப்பொறி கொடுக்கப்பட்டது. அதில் எழுதியவை வட்டிலே சேர்த்துவைக்கப்பட்டு, வேலை முடிந்தபின் மெய்யான பொறியில் முறைப்படி அச்சாயின. காந்தநாடாப் பொறியைப் பொறுத்தமட்டில், அஃது ஒரு விருந்தினனுக்கே முழுமையாக ஒப்படைக்கப்பட்டது. அவன் அதனை விடுவிக்குமளவும் பிறர் எவரும் தொடவியலாது. போலியாகக் கொடுத்துப் பின்னர் நிறைவேற்றுதல், முழுமையாக ஒப்படைத்தல் என்னும் இவ்விரண்டு வழிகளே இன்றளவும் வேறு வேறு உருவில் வழங்கி வருகின்றன.

1974 இல் யெரால்டு பொப்பெக், ரொபேட்டு கோல்ட்பேர்க் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, மெய்நிகர்ப் பொறிக்குரிய இலக்கணத்தை வகுத்தது. விருந்தினனுள் இயங்கும் நிரல் மெய்யான கணினியில் இயங்குவது போலவே இயங்கல் வேண்டும்; அதன் ஆணைகளுட் பெரும்பாலன செயலியிலே நேரே நிறைவேறல் வேண்டும்; கணினியின் வளங்கள் யாவும் விருந்தோம்பியின் ஆட்சியிலேயே இருத்தல் வேண்டும் என்பன அவ்விலக்கணத்தின் சாரம். துறையைப் பொறுத்தவரை முதலாம் விதியும் மூன்றாம் விதியும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்றலைக் காணலாம். மெய்யானது போல் இயங்குதற்கு விருந்தினன் துறையைத் தொடவேண்டும். ஆட்சி விருந்தோம்பியிடம் இருத்தற்கு அவன் அதனை நேரே தொடலாகாது.

தனியாட் கணினியில் இம்முரண் முதன்முதலிற் புலப்பட்டது இன்டெல் நிறுவனத்தின் 386 செயலியோடாகும். 1985 இல் வெளியான அச்செயலி, பழைய 8086 செயலியைப் போன்ற பல மெய்நிகர்ப் பொறிகளைத் தன்னுள்ளே இயக்க வல்லது. ஒவ்வொரு துறை முகவரிக்கும் ஒரு பிட்டு வீதம் அமைந்த அட்டவணை ஒன்றும் அதில் இருந்தது. ஒரு முகவரிக்குரிய பிட்டு சுழியமாயின் உள்ளேயுள்ள நிரல் அத்துறையை நேரே தொடலாம். ஒன்றாயின் செயலி அந்நிரலை நிறுத்தி, மேலுள்ள முறைமையிடம் முறையிடும். 1987 இல் வெளிவந்த விண்டோசு 386 இவ்வசதியைக் கொண்டே பல டோசு நிரல்களை ஒருங்கே இயக்கிற்று. பின்னர் 1993 இல் வந்த விண்டோசு என்.ரி., மெய்நிகர்ப் பொறி இல்லாதவிடத்தும் சாதாரண நிரல்கள் துறையை நேரே தொடுதலைத் தடைசெய்தது. 378 என்ற முகவரியில் எவரும் எழுதலாம் என்றிருந்த காலம் அத்துடன் முடிவை நோக்கிச் சென்றது.

1998 இல் தொடங்கப்பட்ட வி.எம்.வெயார் நிறுவனம், மறு ஆண்டிலே தனியாட் கணினிக்குரிய மெய்நிகர்ப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003 இல் பபிரிசு பெலார்டு கியூ.ஈ.எம்.யூ. என்னும் மென்பொருளை வெளியிட்டார். 2007 இல் வேர்ச்சுவல்பொக்சு வெளிவந்தது. சமாந்தரத் துறையைப் பெரும்பாலோர் கைவிடத் தொடங்கிய காலமும், அதனை விருந்தினனுக்கு வழங்கும் மென்பொருள் பெருகிய காலமும் ஏறத்தாழ ஒன்றாயின. அஃது இயல்பே. புதிய கணினி வாங்கியவன் பழைய நிரலை மெய்நிகர்ப் பொறியில் இட்டான். அந்நிரலோ தான் அறிந்த பழைய துறையையே தேடிற்று.

வழங்கும் முறைகள்

இன்று இத்துறையை வழங்கும் முறைகள் மூன்றாகும்.

முதலாவது, துறையை முற்றிலும் போலியாகப் படைத்து, அதில் எழுதப்படுவனவற்றை விருந்தோம்பியின் கோப்பொன்றிற் சேர்த்தல். விருந்தினன் 378 இல் எழுதும் ஒவ்வொரு பைற்றும் கோப்பிலே பதியும். பெற்றுக்கொண்டேன் என்னும் மறுமொழியை மென்பொருளே போலியாகக் கொடுக்கும். மென்பொருட் பூட்டையோ அளவைக் கருவியையோ நாடும் நிரலுக்கு இத்துறை ஏட்டுச் சுரைக்காயே; கறிக்கு உதவாது. ஆயினும் பழைய தமிழ் ஆவணங்களை மீட்போர்க்கு இம்முறை பெரும்பயன் தருவது. பழைய மென்பொருளைக் கொண்டு ஆவணத்தை அச்சிடச் செய்தால், தாளில் விழவேண்டிய புள்ளிகள் யாவும் நிரல் நிரலாகக் கோப்பிலே சேரும். அப்புள்ளிகளை மீண்டும் அடுக்கினால் பக்கம் படமாகக் கிடைக்கும். அம்மென்பொருளின் குறிமுறையை அறியாதவரும் அவ்வாவணத்தை இவ்வாறு படிக்கலாம்.

இரண்டாவது, இடைநின்று கடத்தல். லினக்சு முறைமையில் சமாந்தரத் துறையைச் சாதாரண நிரல்களுக்கு முறையாக வழங்கும் இயக்கி ஒன்று உண்டு. துறையைப் பயன்படுத்த விரும்பும் நிரல் முதலில் அதனைத் தனக்கெனக் கோருதல் வேண்டும். வேலை முடிந்ததும் விடுவித்தல் வேண்டும். கியூ.ஈ.எம்.யூ. விருந்தினனுக்காக இவ்வியக்கியிடம் துறையைக் கோரிப் பெறுகின்றது. விருந்தினன் தன் துறையில் ஓரெண்ணை எழுதும்போது செயலி அவனை நிறுத்துகின்றது. மென்பொருள் அவ்வெண்ணை எடுத்து இயக்கியிடம் கொடுக்கின்றது. இயக்கி அதனை மெய்யான முனைகளில் வைக்கின்றது. பின்னர் விருந்தினன் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றான். நிலைக் கம்பிகளைப் படிக்கும்போது இதே பயணம் எதிர்த்திசையில் நிகழும். இங்கே பலர் இடறுவது ஓரிடத்திலாகும். விருந்தோம்பியின் அச்சுப்பொறி இயக்கி அத்துறையை முன்னரே பற்றியிருப்பின் விருந்தினனுக்கு அது கிட்டாது. விருந்தோம்பி முதலில் தன் பிடியை விடல் வேண்டும். பயனாளருக்கு அத்துறையைத் திறக்கும் உரிமையும் இருத்தல் வேண்டும். ஒரு மதகின் நீரை ஒரே வேளையில் இரு வாய்க்கால்களுக்கும் முழுமையாகக் கொடுத்தல் இயலாமை போல்வதே இது.

மூன்றாவது, துறையை அல்லது அது அமைந்த அட்டையை முழுமையாக ஒப்படைத்தல். பெருங்கணினியிலே காந்தநாடாவை ஒப்படைத்த முறையின் வழித்தோன்றல் இஃது. கணினியின் பலகையில் செருகப்படும் சமாந்தரத் துறை அட்டையை, செயலியிலும் பலகையிலும் உள்ள காப்பு வசதியின் துணைகொண்டு ஒரு விருந்தினனுக்கே உரியதாக்கலாம். அதன்பின் விருந்தோம்பி அதனைத் தொடுவதில்லை. ஆயின் அத்தகைய அட்டைகள் 378 என்னும் பழைய முகவரியில் அமையாமல் வேறு முகவரியைப் பெறுவது பெரும்பான்மை. முகவரியை மாற்றியமைக்க இடந்தராத பழைய நிரல் அதனைக் காணாது தவிக்கும்.

யு.எஸ்.பி. துறையில் செருகிச் சமாந்தரக் கம்பியை இணைக்கும் மாற்றிகள் கடைகளிற் கிடைக்கின்றன. அவற்றை வாங்கி ஏமாறுவோர் பலர். அம்மாற்றி கணினிக்குத் தன்னை ஓர் அச்சுப்பொறித் தொடுப்பாகவே அறிவிக்கும். 378 முதலிய முகவரிகளை அஃது உண்டாக்குவதில்லை. ஆகவே அச்சிடுதற்கு அது போதும். பூட்டுக்கும் கடைசற் பொறிக்கும் பயன்படாது.

காலமும் காவலும்

இம்முறைகளின் எல்லையை நிறுவுவன இரண்டு. ஒன்று காலம். மெய்யான கணினியில் துறையில் ஓரெண் எழுத ஏறத்தாழ ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு போதும். இடைநின்று கடத்தும் முறையிலோ ஒவ்வோர் எழுத்துக்கும் செயலி நின்று, மென்பொருளிடம் சென்று, மீளவேண்டும். அதற்கு அதனினும் பன்மடங்கு காலம் செல்லும். அக்காலம் ஒரே அளவினதாய் இருப்பதுமில்லை. விருந்தோம்பி வேறு வேலையில் ஈடுபட்டிருந்தால் நீளும். அச்சுப்பொறிக்கு இதனால் இழப்பில்லை. சென்ட்ரோனிக்ஸ் வகுத்த உடன்பாட்டின்படி ஒரு பக்கம் தாமதித்தால் மறுபக்கம் காத்திருக்கும். படிமுறை மோட்டரோ காத்திராது. அதற்குச் செல்லும் துடிப்புகள் ஒழுங்கான இடைவெளியில் வராவிடின் பொறி தன் இடத்தைத் தவறவிடும்; வெட்டப்படும் பொருள் பழுதாகும். மறுமொழி வரும் காலத்தை அளந்து மெய்ம்மை காணும் மென்பொருட் பூட்டுகளும் அவ்வாறே மறுத்துவிடும். ஒன்றையொன்று கேட்டு நடக்கும் கருவி மெய்நிகர்ப் பொறிக்கு இசையும். காலத்தையே ஆணையாகக் கொண்ட கருவி இசையாது. எந்தக் கருவியை மீட்கலாம், எதற்குப் பழைய கணினியையே பேண வேண்டும் என்பதைத் தீர்மானிக்க இவ்வேறுபாடே போதிய அளவுகோலாகும்.

மற்றொன்று காவல். விருந்தினனுக்குத் திறக்கும் ஒவ்வொரு வாயிலும் விருந்தோம்பியின் இல்லத்துக்குள் வரும் வாயிலுமாகும். 2015 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெனம் என்னும் பெயரால் அறிவிக்கப்பட்ட குறைபாடு இதற்குச் சான்று. கியூ.ஈ.எம்.யூ. மென்பொருளில் பழைய நெகிழ்வட்டுக் கருவியைப் போலியாக்கும் பகுதியில் 2004 முதல் மறைந்திருந்த பிழையொன்றின் வழியே, விருந்தினனுள் இருக்கும் தீயோன் வெளியேறி விருந்தோம்பியைத் தாக்கக்கூடும் என்பது அப்போது தெரியவந்தது. அப்பகுதியை எடுத்தாண்ட பிற மென்பொருள்களும் அதே ஆபத்துக்குள்ளாயின. நெகிழ்வட்டை எவரும் பயன்படுத்தாத காலத்தில், அதன் போலியுருவே வாயிலாயிற்று. சமாந்தரத் துறைக்கும் இப்பாடம் பொருந்தும். தேவை உள்ளவிடத்து மட்டும் அதனை வழங்குவதும், தேவை தீர்ந்ததும் அகற்றுவதும் அறிவுடைமை. மைக்ரோசொவ்ற்று நிறுவனத்தின் ஹைப்பர் வி. இத்துறையை விருந்தினனுக்கு வழங்குவதேயில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓருண்மை புலனாகும். கணினியின் உள்ளே உள்ளவற்றைப் போலியாகப் படைத்தல் இலகு. அது புறவுலகைத் தொடும் இடத்தில் மெய்யானது ஒன்று வந்தே தீரவேண்டும். 1967 இல் அச்சுப்பொறியையும் காந்தநாடாவையும் எவ்வாறு பகிர்வது என்று எழுந்த வினாவே, 1987 இலும் 1999 இலும் சமாந்தரத் துறையைக் குறித்து மீண்டும் எழுந்தது. துறைகள் மாறின, வினா மாறவில்லை. இன்று யு.எஸ்.பி. துறையையும் படம் வரையும் அட்டையையும் விருந்தினனுக்கு வழங்குவோர் எதிர்ப்படும் இடர்ப்பாடுகளும் இவையே.

ஆகவே பழைய கணினியை அகற்ற முற்படும் கல்லூரிகளும் நூலகங்களும் அச்சகங்களும் அதற்குமுன் செய்யத்தக்கன சில உள. வட்டின் முழுப்படியை எடுத்து வைத்தல் வேண்டும். துறை எந்த முகவரியில், எந்த முறையில் அமைந்திருந்தது என்பதைக் கணினி இயங்கும்போதே குறித்துக்கொள்ளல் வேண்டும். துறையிலே செருகிய சிறு பூட்டைப் பயனற்ற துண்டெனக் கருதி எறிந்துவிடலாகாது. அதனை இழந்தவர் மென்பொருளையும் இழந்தவராவர். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய கணினி உயிரோடிருக்கும்போதே மெய்நிகர்ப் பொறியை அமைத்து, அதில் அதே ஆவணம் அதே வண்ணம் அச்சாகின்றதா என ஒப்புநோக்கல் வேண்டும். பழையது அழிந்தபின் ஒப்புநோக்குதற்கு ஒன்றுமிராது.

பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட நீர் உக்குவளையில் வெளிப்படுதற்கு மலையினூடே மெய்யான வழியொன்று வேண்டியிருந்தது. ஒரு தலைமுறை கணினியில் எழுதிவைத்தவை அடுத்த தலைமுறையை அடைதற்கும் அத்தகைய வழி வேண்டும். அதனை அமைக்கும் கலை கைவந்துள்ளது. அமைத்தற்குரிய காலமோ பழைய பொறிகள் இயங்கும் வரையிலேதான் உண்டு. அக்காலத்தைத் தவறவிடாதிருத்தல் நம் கடனாகும்.